சித்திரை வந்தால் ஸ்டேஷனிலிருந்து போன்

அழகர் மலையிலிருந்து இறங்கப் பத்து நாள் இருக்கும்போதே எனக்குப் போன்கள் வரத் தொடங்கிவிடும். "சார், ஸ்டேஷனுக்கு வரச் சொல்றாங்க. பைண்டோவராம்." ஒழுங்காக நடப்பேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவதுதான் பைண்டோவர். மதுரையில் கிரிமினல் வழக்கு பார்க்கும் வக்கீலுக்கு இது சீசன்.

போன வருஷம் அழைத்தவர் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெயிண்டர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு அடிதடி வழக்கு, அதிலும் விடுதலையாகிவிட்டார். ஆளைக் கண்காணிக்க ஸ்டேஷனில் வைத்திருக்கும் ஹிஸ்டரி ஷீட் மட்டும் அப்படியே இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கதவைத் தட்டி, ஆள் இருக்கிறாரா என்று பார்த்து, செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். "பொண்ணு பத்தாவது படிக்குது சார். அது முன்னாடி நிக்க வச்சு எடுக்க வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க." என்னிடம் அவர் கேட்டது அவ்வளவுதான்.

அவருடைய தாத்தா ராத்திரியில் ஊர்ச் சாவடியில் படுத்தவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தை அந்தப் பக்கம் ரேகைச் சட்டம் என்பார்கள். கைரேகை பதிய வேண்டும், வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு, அதாவது அனுமதிச் சீட்டு வேண்டும். செய்த குற்றத்துக்காக இல்லை, பிறந்த சாதிக்காக. எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947ல் அந்தச் சட்டம் போனது. அடுத்த வருஷமே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது!

எத்தனை போலீஸ் இருக்கிறது என்பதை வைத்துப் போலீஸ் ராஜ்யத்தை நான் அளப்பதில்லை. யார் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது என்று பார்ப்பேன். அடிதடியில் மாட்டிய வசதியான கே.கே.நகர் பையன்களுக்கும் நான் ஆஜராகியிருக்கிறேன். ஒருத்தன் வீட்டுக்கும் ராத்திரியில் யாரும் போனதில்லை. ஜாமீன் கிடைத்தால் அவர்களுக்குச் சாயங்காலத்துக்குள் சூரிட்டி, அதாவது பொறுப்பேற்கும் ஆள் வந்துவிடும். கூலிக்காரர் சூரிட்டி தேடி அலைகிற நாட்களெல்லாம் சிறையில் கழியும். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்.

சரி, என்ன செய்யலாம்? பைண்டோவர் என்றால் பெரும்பாலும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் பிரிவு 126 அல்லது 129. பழைய சட்டத்தில் நீங்கள் 107, 110 என்று கேட்டுப் பழகியவைதான். என்ன தகவலின் பேரில் அழைக்கிறார்கள் என்று நிர்வாக நடுவர் எழுத்தில் உத்தரவு போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து போடாதீர்கள், ஏட்டு எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100க்குக் கூப்பிடுங்கள், இலவச சட்ட உதவி உண்டு. முதல் முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால், அதே பி.என்.எஸ்.எஸ். பிரிவு 479ன் கீழ் ஜாமீன் கேட்கலாம். ஆயுள், மரண தண்டனை வழக்குகளுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

ராத்திரித் தட்டலை உச்ச நீதிமன்றம் 1962லேயே கரக் சிங் வழக்கில் செல்லாது என்றது. பின்தங்கிய சமூகத்தவர் என்பதற்காகவே ஹிஸ்டரி ஷீட்டில் பெயர் ஏறக் கூடாது என்று 2024ல் அமானத்துல்லா கான் வழக்கில் சொன்னது. இரண்டையும் காட்டி மேலதிகாரிக்கு மனு கொடுத்தோம். தட்டல் நின்றது. பெயரை எடுக்கவில்லை.

இந்தச் சித்திரைக்கும் அவர் போன் செய்தார். பொண்ணு ப்ளஸ் ஒன் போய்விட்டாளாம்.