கருங்கல் ஒட்டினால் குளிர் நிற்குமா?

கனடாவில் கால்கரி நகரத்தில் வீடு வாங்கியிருக்கும் அண்ணன் மகன் போனில் கேட்டான்: "சித்தப்பா, வெளிச்சுவர்ல அடிச்சிருக்கிற பிளாஸ்டிக் பட்டையெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. அதைப் பிடுங்கிட்டு நம்ம ஊரு கல்லையே ஒட்டிட்டா குளிர் உள்ள வராதுல்ல?"

கிருஷ்ணகிரிக்காரன் கேட்கக்கூடிய கேள்விதான். சுற்றிலும் குன்றும் குவாரியும். இங்கே அறுக்கும் பாரடிசோ கிரானைட் கப்பலேறி ஐரோப்பா வரை போகிறது. கனமான கல் என்றால் காப்பும் அதிகம் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்கு தப்பு.

ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. கிரானைட்டுக்கு அது கிட்டத்தட்ட 3. செங்கல்லுக்கு 0.7, பைன் மரத்துக்கு 0.12, சுவருக்குள் அடைக்கும் கண்ணாடி இழைப் பஞ்சுக்கு 0.04, அசையாத காற்றுக்கு 0.025. எண் குறையக் குறையக் காப்பு கூடும். அதாவது 1 செ.மீ. பஞ்சு செய்யும் வேலையைக் கருங்கல் செய்ய வேண்டுமென்றால் 75 செ.மீ. தடிமன் வேண்டும். திருப்பிப் போட்டால் இன்னும் பரிதாபம்: சுவரில் ஒட்டும் 2 செ.மீ. கல் பலகை தரும் காப்பு, கால் மில்லிமீட்டர் பஞ்சுக்குச் சமம். பஞ்சுக்கு இந்தத் திறமை வந்ததே அது அடைத்து வைத்திருக்கும் காற்றால்தான்.

"அப்படியென்றால் பென்னாகரம் பக்கம் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் எப்படி இதமாக இருக்கின்றன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தத் தடித்த சுவர் வெப்பத்தைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். அது உட்பக்கம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரவில் அதே சுவர் குளிர்ந்துவிடும். பகலும் இரவும் மாறி மாறி ஈடுகட்டிக்கொள்ளும் நம் ஊரில் இது அருமையான ஏற்பாடு. ஓசூர் பக்கமுள்ள தளியை, அதன் குளிருக்காக வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்றார்கள். அங்கேயும் மார்கழிப் பனி விலகியதும் வெயில் வந்துவிடுகிறது. கால்கரியில் ஜனவரி முழுக்க இரவு பகல் இரண்டுமே பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழேதான். ஈடுகட்ட வெப்பமே வராத இடத்தில் கல் சில்லிட்டுப் போய் அப்படியே நிற்கும்.

வெளியே மைனஸ் 15, உள்ளே 20 டிகிரி என்று வைப்போம். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 10 சதுர மீட்டர் இருந்தால், அதன் வழியாக ஏறத்தாழ 700 வாட் வெப்பம் ஓடிக்கொண்டே இருக்கும். மரச்சட்டங்களுக்கு நடுவே 14 செ.மீ. பஞ்சு அடைத்த சுவரில் அது சுமார் 90 வாட்தான். வெளியே என்ன ஒட்டினாலும் இந்த எண்கள் பெரிதாக மாறாது.

சரி, சுவருக்கு வெளியே அடிக்கும் இந்த வெளிப்பலகை எதற்கு? மழை, பனி, காற்று மூன்றையும் தடுக்க. குறிப்பாகத் தண்ணீரை. தண்ணீர் உறையும்போது பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். கல் உடைப்பவர்கள் பாறையில் வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் மாற்றி மாற்றி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே அடியில் எதுவும் நடக்காது. சுற்று மேல் சுற்றாக அடித்த பிறகுதான் பாறை கோடு போட்டதுபோல் விலகும். சுவரின் நுண்துளைக்குள் புகுந்த தண்ணீரும் அப்படித்தான். ஒருமுறை உறைவதால் பெரிய கேடில்லை. உறைந்து, உருகி, இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கி, மறுபடி உறைவதுதான் ஆபத்து. கால்கரியில் 'சினூக்' என்ற வெதுவெதுப்பான மலைக்காற்று நடுக்குளிர்காலத்திலும் சில மணி நேரத்தில் வெப்பநிலையை 20 டிகிரி ஏற்றிவிடும். அது போனதும் எல்லாம் மீண்டும் உறையும்.

இந்தச் சோதனையில் மட்டும் கிரானைட் முதல் மாணவன். நல்ல கிரானைட் தன் எடையில் 0.4 சதவீதத்துக்குமேல் தண்ணீர் குடிக்காது. நம் செங்கல்லுக்கு இந்தியத் தரநிலையே 20 சதவீதம் வரை அனுமதிக்கிறது. சூளைச் செங்கல்லை அங்கே அப்படியே வெளியே காட்டிக் கட்டினால் சில குளிர்காலங்களில் முகம் பொரிந்து உதிர ஆரம்பிக்கும்.

அடுத்து அவன் வீட்டில் இருக்கும் வினைல், அதாவது பிவிசி பட்டை. மலிவு, பெயின்ட் வேண்டாம், தண்ணீர் குடிக்காது. ஆனால் வெப்பத்தில் நீண்டு குளிரில் சுருங்குவதில் இரும்பைவிட ஐந்து மடங்கு. 3.66 மீட்டர் பட்டை ஒன்று, 60 டிகிரி வித்தியாசத்தில் 13 மி.மீ. அளவுக்கு நகரும். அதனால் அதில் ஆணித் துளை வட்டமாக இருக்காது, நீளவாட்டில் இருக்கும். ஆணியைத் துளையின் நடுவில் அடித்து, தலைக்கும் பட்டைக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி விட வேண்டும். பட்டையைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் நகர வேண்டும். 'ஆடுதே' என்று இறுக்கி அடித்துவிட்டால் கோடையில் அலை அலையாக நெளியும், குளிரில் வெடிக்கும். கடுங்குளிரில் வினைல் மொறமொறப்பாகிவிடுவதால் ஓர் அடி பட்டாலே உடையும். குளிர் மட்டுமா? 2020 ஜூன் 13 அன்று கால்கரியின் வடகிழக்கில் பெய்த ஆலங்கட்டி மழை வினைல் சுவர்களைச் சல்லடையாக்கியது. காப்பீட்டு இழப்பு மட்டும் 100 கோடி கனடா டாலருக்கு மேல்.

வினைலுக்கு மாற்றாக ஃபைபர் சிமென்ட் பலகை உண்டு. நம் ஊர் சிமென்ட் ஷீட் வகையறாதான், ஆனால் கல்நாருக்கு (ஆஸ்பெஸ்டாஸ்) பதில் மரக்கூழ் நார். தீப்பிடிக்காது, ஆலங்கட்டியையும் ஓரளவு தாங்கும், நீள்வதும் குறைவு. வெட்டிய ஓரம் மட்டும் தண்ணீர் உறிஞ்சும். அதற்குக் கட்டாயம் பெயின்ட் பூசி, தரையிலிருந்து அரை அடி உயர்த்தியே அடிக்க வேண்டும். அறுக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது. குவாரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மரம் அழகு, ஆனால் சில வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்கப் பொறுமை வேண்டும்.

பலரும் மறப்பது உள்ளே இருந்து வரும் தண்ணீரை. சோறு வடிப்பது, குளிப்பது, துணி உலர்த்துவது, மூச்சு விடுவது எல்லாமே ஆவி. 20 டிகிரி காற்று ஒரு கன மீட்டருக்கு 17 கிராம் ஆவியைத் தாங்கும். மைனஸ் 20-இல் 1 கிராம்கூடத் தாங்காது. சூடான காற்று சுவர் இடுக்குகள் வழியாக வெளியே கசியும்போது, நடுவழியில் எங்கோ மிச்ச ஆவி தண்ணீராகி, உறைபனியாகி, பஞ்சை நனைத்துவிடும். அதனால் அங்கே பஞ்சுக்கு உட்பக்கம், அதாவது சூடான பக்கம், பிளாஸ்டிக் தாள் ஒட்டுகிறார்கள். வெளிப்பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றிரண்டு செ.மீ. இடைவெளி விட்டால், தப்பி வந்த ஈரமும் மழைநீரும் வடிந்து காய்ந்துவிடும். கடலோரத்தில் ஏசி ஓடும் வீட்டுக்கு இதே பிளாஸ்டிக்கை உட்பக்கம் ஒட்டினால் விளைவு தலைகீழ். ஆவி அங்கே வெளியிலிருந்து உள்ளே வருகிறது.

கல் ஆசைக்கு வருவோம். 2 செ.மீ. கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு 54 கிலோ. மரச்சட்ட வீட்டில் அதை வெறும் பசையால் மாடி வரை ஒட்டுவது நடக்கிற காரியமில்லை. அடியில் தாங்கலும் உலோகப் பிடிப்பும் வேண்டும். முகப்பில் கீழே மூன்றடிக்குக் கல், பின்னால் நீர் வடிய வழி, மேலே ஃபைபர் சிமென்ட் என்று சொன்னேன். பழைய பட்டையைக் கழற்றும் அந்த நாலைந்து நாளில்தான் சுவரின் உட்புறம் கண்ணுக்குத் தெரியும். எங்கே பஞ்சு சரிந்திருக்கிறது, எந்த ஜன்னலுக்கு அடியில் பலகை கறுத்திருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.