டிடெய்னர்: கேட்பதா, கட்டளையா?

அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்றங்கள் கூடினாலே சிறை, குடிவரவு, பொதுப் பாதுகாப்பு மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு மசோதா வந்துவிடுகிறது. அந்த மசோதாக்களைத் திறந்தால் அடிக்கடி கண்ணில் படும் சொல் டிடெய்னர். உங்கள் சிறையில் இருப்பவரை உடனே விடாமல் பிடித்து வையுங்கள் என்று குடிவரவுத் துறை சிறைக்கு அனுப்பும் தாள் இது. தமிழில் இதைச் சிலர் 'கைது ஆணை' என்று எழுதுகிறார்கள், சிலர் 'தடுப்புக்காவல் உத்தரவு' என்கிறார்கள், 'வாரண்ட்' என்று போட்டுவிட்டு நகர்பவர்களும் உண்டு. மூன்றுமே வாசகரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும். இந்தத் தாளில் கையெழுத்துப் போடுபவர் நீதிபதி இல்லை. இதைப் பெறுகிறவர் கீழ்ப்படிந்தே ஆக வேண்டுமா என்ற கேள்விக்கும் மாநிலத்துக்கு மாநிலம் பதில் மாறுகிறது.

முதலில் பொருள். ஒருவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டி உள்ளூர் போலீசிடம் மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) சிறையில் விரல்ரேகை எடுப்பார்கள். அது வழக்கம்போல எஃப்.பி.ஐ.க்குப் போகும். 2008இல் தொடங்கிய 'செக்யூர் கம்யூனிட்டீஸ்' திட்டத்துக்குப் பிறகு, அங்கிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தரவுகளோடும் தானாகவே ஒப்பிடப்படுகிறது. ரேகை பொருந்தி, இவரை நாட்டைவிட்டு அனுப்ப இடமிருக்கிறது என்று குடிவரவு, சுங்க அமலாக்க முகமையின் (செய்திகளில் வரும் 'ஐஸ்' இதுதான்) அதிகாரி கருதினால், சிறைக்கு ஒரு படிவம் வரும். அதன் பெயர் ஐ-247ஏ.

படிவத்தில் கேட்பது இரண்டு விஷயம். இவரை விடுவதற்கு முன்னால் எங்களுக்குச் சொல்லுங்கள். விட வேண்டிய நேரம் வந்த பிறகும் 48 மணி நேரத்துக்கு மிகாமல் பிடித்து வையுங்கள், நாங்கள் வந்து அழைத்துப் போகிறோம். காரணத்தை விளக்கி எழுதும் வேலையெல்லாம் இல்லை, கட்டங்களில் டிக் அடித்தால் போதும்: வெளியேற்ற உத்தரவு ஏற்கெனவே இருக்கிறது, வழக்கு நிலுவையில் இருக்கிறது, ரேகை பொருந்தியிருக்கிறது, அவரே சொன்னதிலிருந்து தெரிகிறது, இப்படி. படிவத்தின் நகலைச் சம்பந்தப்பட்டவரிடம் கொடுத்தால்தான் இது செல்லுபடியாகும் என்றும், பிணை, பரோல் முடிவுகளை இது பாதிக்கக் கூடாது என்றும் அதிலேயே அச்சடித்திருக்கிறது. பிணைப் பணத்தோடு வந்த குடும்பம், கட்டினாலும் ஆள் வெளியே வரமாட்டார் என்று தெரிந்ததும் என்ன செய்யும் என்பதைப் பற்றி அச்சடித்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த 48 மணி நேரத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. கூட்டாட்சி விதியில் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை கணக்கில் சேராது. வெள்ளி மாலை வர வேண்டியவர் செவ்வாய் வரை உள்ளே இருக்கலாம், இடையில் விடுமுறை வந்தால் இன்னும் ஒரு நாள். இப்போதுள்ள படிவத்திலோ அந்த விலக்கு கிடையாது. 48 என்றால் 48தான்.

அப்புறம், 2017 முதல் இந்தப் படிவத்தோடு ஐ-200 அல்லது ஐ-205 என்ற இன்னொரு தாளையும் இணைத்து அனுப்புகிறார்கள். அதன் தலைப்பில் 'வாரண்ட்' என்றே இருக்கும். தமிழில் வாரண்ட் என்று எழுதிவிடும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நம் ஊரில் வாரண்ட் என்றால் நீதிமன்ற முத்திரை கண்முன் வரும். இதில் கையெழுத்துப் போடுபவர் அதே குடிவரவுத் துறை அதிகாரி. வேண்டுமானால் 'நிர்வாக வாரண்ட்' என்று எழுதலாம். வெறும் வாரண்ட் என்று எழுதினால் இல்லாத நீதிபதியை உள்ளே கொண்டுவந்ததாகும்.

இனி சொல்லின் பிறப்பு. இலத்தீனில் 'டெனேரே' என்றால் பிடித்தல். முன்னால் 'டே' சேர்ந்து 'டேடினேரே' ஆகி, விடாமல் பிடித்து வைத்தல் என்ற பொருள் வந்தது. அதுதான் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போய் 'டிடெய்ன்' ஆனது. டிடெய்னர் என்றால் டிடெய்ன் செய்பவர் என்று நினைக்கத் தோன்றும். டிரைவர், பெயிண்டர் மாதிரி. இங்கே அந்தக் கணக்கு ஒத்துவராது. நார்மானியர் ஆட்சிக்குப் பிறகு ஆங்கில நீதிமன்றங்களில் நூற்றாண்டுக் கணக்கில் பிரெஞ்சுதான் ஓடியது. பிரெஞ்சு வினையின் இன்ஃபினிடிவ் வடிவத்தை (அகராதியில் வினை வரும் வடிவம்) அப்படியே பெயர்ச்சொல்லாக வைத்துக்கொள்வது அந்த வழக்கறிஞர்களின் பழக்கம். அதனால் டிடெய்னர் என்றால் 'பிடித்துவைத்தல்' என்ற செயல், ஆள் இல்லை. 'வெய்வர்', 'டிஸ்கிளெய்மர்' எல்லாம் இதே பட்டறைச் சரக்கு. நம் நீதிமன்றங்களில் பாரசீகமும் அரபும் போட்டுவிட்டுப் போன ஜாமீன், ஜப்தி, வக்கீல், வாய்தா இன்றும் புழங்குவதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

பழைய இங்கிலாந்தில் இந்தச் சொல் எங்கே வேலை செய்தது என்பதுதான் சுவையான பகுதி. கடன் கட்டாதவரைச் சிறையில் போட்ட காலம் அது. கடன் கொடுத்த ஒருவருக்காக உள்ளே போனவர் அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டு வெளியே வரப் பார்ப்பார். அதற்குள் கடன் கொடுத்த இன்னொருவர் சிறைக்கு ஒரு தாளை அனுப்பியிருப்பார்: எனக்கும் பாக்கி இருக்கிறது, விடாதே. அந்தத் தாளுக்கு டிடெய்னர் என்று பெயர். ஏற்கெனவே ஒருவர் பிடியில் இருக்கும் ஆளின் மேல் இன்னொருவர் போடும் கொக்கி. ஐ-247ஏ படிவத்தைப் பார்த்துவிட்டு இதைப் படித்தால், கடன் கொடுத்தவர் இருந்த இடத்தில் மத்திய அரசு உட்கார்ந்திருப்பது தெரியும்.

அமெரிக்காவுக்குள்ளேயே குடிவரவோடு தொடர்பில்லாத டிடெய்னரும் இருக்கிறது. ஒரு மாநிலச் சிறையில் தண்டனை அனுபவிப்பவர் மேல் இன்னொரு மாநிலத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால், அந்த மாநிலம் இங்கே டிடெய்னர் போடும். இதற்காக மாநிலங்களுக்கிடையே ஓர் உடன்படிக்கையே உண்டு. லூசியானா, மிசிசிப்பி இரண்டும்தான் அதில் சேரவில்லை. கைதியே கேட்டால் 180 நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும் என்கிறது அது. குடிவரவு டிடெய்னருக்கு அந்த மாதிரிக் கெடு எதுவும் கிடையாது.

சரி, இது கோரிக்கையா, உத்தரவா? விதியின் ஒரு பத்தி, 'இது ஒரு வேண்டுகோள்' என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதே விதியின் இன்னொரு பத்தி, தாளைப் பெற்ற சிறை ஆளை வைத்திருக்க 'வேண்டும்' என்கிற தொனியில் பேசுகிறது. இந்த ஒரு 'வேண்டும்' செய்த குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை.

2008 நவம்பரில் பென்சில்வேனியாவின் லீஹை கவுண்டியில் ஒருவர் கைதானார். நியூஜெர்சியில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். பிணைத் தொகை கட்டியாகிவிட்டது. ஆனாலும் வார இறுதி முழுக்க உள்ளேயே வைத்திருந்தார்கள், டிடெய்னர் வந்திருக்கிறது என்று காரணம் சொல்லி. அவரை எந்த நாட்டுக்கும் அனுப்ப முடியாது என்பதை ஐஸ் புரிந்துகொண்டது திங்கட்கிழமைதான். வழக்குப் போட்டார். எங்கள் கையில் என்ன இருக்கிறது, மத்திய அரசு சொன்னதைச் செய்தோம் என்றது கவுண்டி. 2014 மார்ச்சில் மூன்றாம் வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் (சில மாநிலங்களுக்கு ஒன்று என்று இருக்கும் வட்ட நீதிமன்றங்களில் ஒன்று) அதை ஏற்கவில்லை. டிடெய்னர் வேண்டுகோள் மட்டுமே. மாநில அதிகாரியை மத்திய அரசு தன் வேலையாளாக்கிக்கொள்ள அரசியலமைப்பில் இடமில்லை. பிடித்து வைத்தது கவுண்டியின் முடிவு, பொறுப்பும் அதற்குண்டு என்றது.

அடுத்த மாதமே ஓரிகானின் கிளாக்கமஸ் கவுண்டியில் இன்னொரு தீர்ப்பு. 500 டாலர் கட்டினால் வெளியே வந்திருக்கக்கூடிய ஒரு பெண்ணை டிடெய்னரைக் காட்டி இரண்டு வாரம் உள்ளே வைத்திருந்தார்கள். போதிய முகாந்திரம் இல்லாமல் பிடித்து வைத்தது நியாயமில்லாமல் ஆளைப் பிடிப்பதைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்துக்கு எதிரானது என்றது கூட்டாட்சி நீதிமன்றம். நஷ்டஈடு தங்கள் கஜானாவிலிருந்து போகும் என்று தெரிந்ததும், நாடு முழுக்கப் பல ஷெரிஃப்கள் (கவுண்டி சிறையை நடத்தும் அதிகாரிகள்) இந்தப் படிவத்தை ஓரங்கட்டத் தொடங்கினார்கள். கொள்கை செய்ய முடியாததைப் பணப்பயம் செய்தது என்றுதான் இதைப் படிக்கிறேன்.

கோரிக்கை என்று முடிவானதும் பந்து மாநிலச் சட்டமன்றங்களுக்குப் போனது. டெக்சஸ் 2017இல் எஸ்.பி.4 என்ற சட்டத்தைக் கொண்டுவந்து, டிடெய்னர் வந்தால் சிறைகள் நிறைவேற்றியே தீர வேண்டும் என்றது. மறுக்கும் ஷெரிஃப் மேல் குற்ற வழக்கு, பதவி பறிப்பு. உள்ளாட்சிக்கு அபராதம், இரண்டாம் முறையிலிருந்து ஒரு மீறலுக்கே 25,000 டாலருக்கு மேல். 2018இல் ஐந்தாம் வட்ட நீதிமன்றம் இதன் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிட்டது. (2023இல் டெக்சஸ் அதே எஸ்.பி.4 என்ற எண்ணில் எல்லை தாண்டுவதை மாநிலக் குற்றமாக்கும் வேறொரு சட்டம் போட்டது. இரண்டையும் குழப்பி எழுதிய செய்திகளுக்குப் பஞ்சமில்லை.) ஃபுளோரிடா 2019இலும், ஒரு நர்சிங் மாணவியின் கொலைக்குப் பிறகு ஜார்ஜியா 2024இலும் இதே வழியில் போயின.

எதிர்ப்பக்கம் கலிஃபோர்னியா. 2013இன் டிரஸ்ட் சட்டம், கடுமையான குற்றங்கள் தவிர மற்றவற்றுக்கு டிடெய்னரின் பேரில் ஆளைப் பிடித்து வைக்கக் கூடாது என்றது. 2017இன் எஸ்.பி.54, டிடெய்னருக்காக மட்டும் பிடித்து வைப்பதையே நிறுத்தியது. சில குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் விடுதலைத் தேதியைச் சொல்லலாம், அவர்களை ஐஸிடம் ஒப்படைக்கவும் செய்யலாம். அதே 2017இல் இல்லினாயும் தடை போட்டது. கையெழுத்திட்ட ஆளுநர் ரவுனர் குடியரசுக் கட்சிக்காரர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாசசூசெட்ஸில் சட்டமன்றம் வரை போகவே இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் அம்மாநில உச்ச நீதிமன்றமே, வெளியேற்றம் சிவில் விவகாரம், அதற்காக ஆளைப் பிடிக்க மாநிலச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

எஸ்.பி.54இல் பலர் கவனிக்காமல் விடும் ஒரு வரி இருக்கிறது. அந்தத் தடை மாநிலச் சீர்திருத்த, மறுவாழ்வுத் துறைக்கு, அதாவது மாநிலச் சிறைகளுக்குப் பொருந்தாது. அந்தச் சில குற்றங்களில் தண்டனை பெறாதவரைக் கவுண்டி சிறையிலிருந்து ஐஸிடம் பிடித்துக் கொடுக்க முடியாது. பல ஆண்டுத் தண்டனையை முடித்து மாநிலச் சிறை வாசலுக்கு வருபவரைக் கொடுக்கலாம். இதை மாற்றப் பார்த்த மசோதா ஒன்றை 2023இல் ஆளுநர் நியூசம் வீட்டோ செய்தார். தமிழில் இரண்டையும் 'சிறை' என்று எழுதினால் இந்த வேறுபாடே காணாமல் போகும். நம் வழக்கில் கிளைச் சிறை, மத்திய சிறை என்று பிரித்துச் சொல்வது ஓரளவு கைகொடுக்கும், நேர் பொருத்தம் இல்லை என்றாலும்.

இப்போது தமிழ்ச் சொல். 'தடுப்புக்காவல்' வேண்டாம். தமிழ்நாட்டில் அது குண்டர் சட்டத்தில் மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ போடும் உத்தரவு, ஓராண்டு வரை உள்ளே வைக்கும். இலங்கை வாசகருக்கோ அது பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நினைவூட்டும். 'காவல் நீட்டிப்பு' என்றால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ரிமாண்டை நீட்டிப்பது. அருகில் வருவது பி.டி. வாரண்ட், ஒரு வழக்கில் சிறையில் இருப்பவரை இன்னொரு வழக்குக்காகக் கொண்டுவரப் போடுவது. ஆனால் அது நீதிமன்றம் தருவது.

நான் எழுதுவது 'பிடித்துவைப்புக் கோரிக்கை'. இலத்தீன் வேரிலும் பிடித்தல்தான் இருக்கிறது. முறையான ரிமாண்ட் இல்லாமல் ஸ்டேஷனில் ஒருவரை வைத்திருந்தால் 'போலீஸ் பிடிச்சு வச்சிருக்கு' என்றுதானே சொல்கிறோம்? நீதிமன்றம் இன்னும் உள்ளே வராத நிலை அந்தப் பேச்சிலேயே தெரிகிறது. 'கோரிக்கை' என்ற பின்பாதியை எக்காரணத்துக்கும் வெட்டக் கூடாது. டெக்சஸில் அது கட்டளை போல நடந்துகொள்கிறது என்றால், அப்படி ஆக்கியது மாநிலச் சட்டம். தாள் அதே தாள். 'இமிகிரேஷன்' என்ற முன்னொட்டுக்கு இலங்கைத் தமிழின் 'குடிவரவு' நல்ல சொல். வருவது குடிவரவு, போவது குடியகல்வு என்று அங்கே தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். நம் 'குடியேற்றம்' இரண்டையும் கலக்கிறது.

இதே செய்திகளில் கூடவே வரும் 'சேங்க்சுவரி சிட்டி'யை (குடிவரவு நடவடிக்கைகளுக்கு ஒத்துழைப்பைக் குறைத்துக்கொள்ளும் நகரம்) 'சரணாலய நகரம்' என்று எழுதினால் வேடந்தாங்கல் ஞாபகம்தான் வருகிறது. 'புகலிட நகரம்' பரவாயில்லை. தமிழ் விவிலியத்தில் 'அடைக்கலப்பட்டணம்' என்ற அழகான சொல் இருக்கிறது, ஆனால் இன்றைய செய்திக்குக் கொஞ்சம் கனம் கூடுதல்.

கலிஃபோர்னியாவில் வாடகைக்கு இருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கதவில் 'அன்லாஃபுல் டிடெய்னர்' என்று தாள் வந்தால் பதற வேண்டாம், அது ஐஸ் விவகாரம் இல்லை. வீட்டைக் காலி செய்யாமல் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டு உரிமையாளர் போட்ட வழக்கு அது. அதே பழைய பிரெஞ்சுச் சொல், ஆளுக்குப் பதில் வீடு. அதற்காக அலட்சியமாகவும் விட முடியாது: 2025 ஜனவரி முதல், நேரில் கையில் கொடுத்த நாளிலிருந்து பதில் மனு போட 10 நீதிமன்ற வேலை நாள்தான் அவகாசம்.