லைப்ரரி புதுசு, ஓடுவது பழசு

நெட்வொர்க் நிரல்கள் பயன்படுத்தும் லிப்ஈவென்ட் என்ற லைப்ரரி அப்டேட் ஆகிவிட்டது, பேக்கேஜ் பட்டியலில் புது எண் தெரிகிறது, டிக்கெட்டை மூடிவிடுவோம். நானும் அப்படி மூடியவன்தான்.

2015 ஜனவரியில் வந்த 2.0.22 பதிப்பு, தரவைத் தேக்கி வைக்கும் இவிபஃபர் பகுதியில் இருந்த ஓர் இன்டீஜர் ஓவர்ஃப்ளோ (எண் அளவுமீறும்) பாதுகாப்பு ஓட்டையை அடைத்தது. பேக்கேஜ் கட்டி எல்லா மெஷினிலும் ஏற்றினேன். சில நாள் கழித்து வேறு எதற்கோ, எந்த நிரல் எந்தக் கோப்பை வைத்திருக்கிறது என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் ஓட்டினால், எங்கள் புராக்ஸியின் வரிசையில் லிப்ஈவென்ட் கோப்புக்கு நேரே ‘டிஇஎல்’ என்று நிற்கிறது. டிஸ்கிலிருந்து போன பழைய கோப்பு, நிரலை ரீஸ்டார்ட் செய்யாததால் மெமரியில் உயிரோடு இருந்தது. அத்தனை நாளும் பழைய ஓட்டையோடுதான் ஓடியிருக்கிறோம்.

இந்த லைப்ரரிக்கு இது சகஜம். லினக்ஸில் ஈபோல், பிஎஸ்டியிலும் மேக்கிலும் கேக்யூ என்று இணைப்புகளைக் கவனிக்கும் வசதி அடியில் எது இருந்தாலும், ஒரே த்ரெட்டில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்க வைப்பது இதன் வேலை. அதனால் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் நிரல்கள்தான் இதை நம்பியிருக்கின்றன. ரீஸ்டார்ட் என்றாலே இணைப்புகள் அறும் என்று யாரும் அவற்றைத் தொடமாட்டார்கள். இப்போதெல்லாம் ரீஸ்டார்ட்டுக்கு நேரம் குறித்த பிறகுதான் பேக்கேஜையே ஏற்றுகிறேன்.

பதிப்பு எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. அதே ஓட்டைக்கு டெபியன் லினக்ஸ் தன் 2.0.19-லேயே பேட்ச் போட்டது. நிரலுக்குள்ளிருந்து கேட்டால் 2.0.19 என்றுதான் பதில் வரும், ஆனால் ஓட்டை அடைபட்டிருக்கும். பேக்கேஜின் மாற்றக் குறிப்பான சேஞ்ச்லாக்கைப் படிக்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

எண் சிறிதாக ஏறினால் ஆபத்தில்லை என்பதும் அப்படித்தான். 2019-ல் வந்த 2.1.10, கம்பைல் ஆன நிரல்கள் லைப்ரரியோடு பேசும் பைனரி இடைமுகத்தை உடைத்துவிட்டது. அதைச் சரிசெய்யவே அதே ஆண்டு 2.1.11 வந்தது. நிரல் லைப்ரரியைத் தேடும் பெயரான சோநேமில் எண் 2.1.8-ல் 6, 2.1.12-ல் 7. பழைய நிரல் 6-ஐத் தேடிக் கிடைக்காமல் நின்றால், 6 என்ற பெயரில் 7-க்கு ஒரு சிம்லிங்க் (குறுக்குவழிக் கோப்பு) போட்டு ஒப்பேற்றச் சிலருக்குக் கை அரிக்கும். வேண்டாம். நிரல் கிளம்பிவிடும், அப்புறம் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. மறுபடி கம்பைல் செய்வதுதான் வழி. பேக்கேஜ் கட்டுபவர் வெளியிடும் முன் பழையதையும் புதியதையும் ஏபிஐடிஃப் என்ற இடைமுக ஒப்பீட்டுக் கருவியில் ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

கடைசியாக, உள்ளேயே சேர்த்துக் கட்டிய பிரதிகள். குரோமியம் பிரவுசரே நெடுநாள் தன் மூலநிரலோடு ஒரு லிப்ஈவென்ட்டை வைத்திருந்தது. ஸ்டாட்டிக்காக, அதாவது நிரலுக்குள்ளேயே, இணைத்திருந்தால், நிரல் நம்பியிருக்கும் லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி அதைக் காட்டாது. எங்கள் கண்காணிப்பு ஏஜென்ட்டிலும் எல்டிடி சுத்தமாகத்தான் சொன்னது. சந்தேகத்தில், கோப்பினுள் உள்ள எழுத்துகளை எடுத்துக்காட்டும் ஸ்ட்ரிங்ஸ் ஓட்டிப் பார்த்தேன். 1.4 வரிசைப் பதிப்பு ஒன்று உள்ளே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. யார் கட்டியது என்று கேட்டேன், டீமில் ஒருவருக்கும் நினைவில்லை.