பிள்ளை போட்ட ரிக்கற், அம்மாவின் கடவுச்சீட்டு

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட விமான ரிக்கற் போடும் சின்னக் கடை என்னுடையது. 2011இல் தொடங்கினேன். இப்போதெல்லாம் ரிக்கற் வாங்க வருகிறவர்களைவிட, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வாங்கி வட்ஸ்அப்பில் அனுப்பிய ரிக்கற்றை அச்செடுக்க வருகிறவர்கள்தான் கூட. காசு வராத வேலை. ஆனால் எனக்கு ஆகப் பயம் தரும் வேலையும் அதுதான்.

விசுவமடுப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மகள் சூரிச்சில், பிள்ளைப்பேறு நெருங்கிவிட்டது. சுவிஸ் விசா குத்தி வந்திருந்தது. மகள் அனுப்பியது இரண்டு கோப்புகள்: கொழும்பிலிருந்து டுபாய் ஒன்று, டுபாயிலிருந்து சூரிச் இன்னொன்று. நான் அன்று கடையில் இல்லை. கடையில் நிற்கும் பெடியன் இரண்டையும் அச்செடுத்து, கடித உறையில் போட்டு, கவனமாகக் கொடுத்துவிட்டிருக்கிறான். இரண்டு நாள் கழித்து விடியப்புறம் நாலு மணிக்குப் போன்.

"தம்பி, டுபாய் விசா எங்க எண்டு கேக்கினம். நான் டுபாய்க்குப் போகேல்லை, சூரிச்சுக்கல்லோ போறன்?"

அவர் கேட்டது ஞாயம். ஆனால் கட்டுநாயக்காவில் கவுன்ரரில் நின்றவர் கேட்டதும் ஞாயம்தான். அவருடைய கணினியில் அந்த அம்மாவின் பயணம் டுபாயோடு முடிகிறது. சூரிச் என்ற பெயரே அதில் இல்லை.

இரண்டு விமானமும் ஒரே ரிக்கற்றில் இருந்தால், நடுவில் வரும் விமான நிலையம் வவுனியா பஸ் நிலையம் மாதிரி. ஒரு பஸ்ஸால் இறங்கி அடுத்த பஸ் ஏறும்வரை குந்தியிருக்கலாம். ஊருக்குள் போகத் தேவையில்லை, பெட்டியும் தானாகவே போய்ச் சேரும். ரிக்கற் இரண்டாகிவிட்டால் கதை மாறிவிடும். முதலாவது நிறுவனம் உங்கள் பெட்டியை டுபாய் பெல்ற்றில் போட்டுவிட்டுத் தன் கடமை முடிந்தது என்று போய்விடும். அதை எடுக்க நீங்கள் குடிவரவைத் தாண்ட வேண்டும், அதாவது அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். பிறகு புறப்பாட்டு மாடிக்கு ஏறி, வரிசையில் நின்று, பெட்டியைத் திரும்பக் கொடுத்து, இன்னொரு தடவை பரிசோதனை. சட்டத்தின் கண்ணில் நீங்கள் அந்த நாட்டுக்கு வந்த ஆள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே விசா வேண்டும். 48 மணி நேரத்துக்கும் 96 மணி நேரத்துக்கும் இடைத்தங்கல் விசா இருக்கிறது, ஆனால் அதை விமான நிறுவனம் ஊடாக முன்கூட்டியே எடுக்க வேண்டும். விசா இல்லாத ஆளை ஏற்றிச் சென்றால் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில்தான் விழும். அதனால்தான் கொழும்பிலேயே மறிக்கிறார்கள்.

மகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போன வருடம் அவரே இதே வழியால் வந்து போயிருக்கிறார், ஒரு கரைச்சலும் இல்லை. அவரிடம் இருப்பது சுவிஸ் கடவுச்சீட்டு. டுபாயில் கொடுத்தால் முத்திரை குத்தி விட்டுவிடுவார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளில் அனேகம் பேருக்கு இது மறந்தே போய்விட்டது: தாங்கள் போன வழியால் அம்மாவும் போகலாம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அன்று அந்த அம்மாவுக்கு விமானம் தவறியது மட்டுமல்ல. இரண்டாவது ரிக்கற்றின் முதல் பறப்புக்கு ஆள் வரவில்லை என்று பதிவானதும், அதே ரிக்கற்றில் இருந்த திரும்பும் பயணமும் சேர்ந்து இரத்தாகிவிட்டது. இது பலருக்குத் தெரியாது. போகும் பறப்பைத் தவறவிட்டால், வருவதற்காவது அந்த ரிக்கற் இருக்குமே என்று நம்ப வேண்டாம்.

சரி, ஐரோப்பா வழியால் என்றால்? சுவிஸுக்குப் போகிறவர் இத்தாலியின் மிலானில் இறங்கி வேறு ரிக்கற்றில் சூரிச் போனால் விசாப் பிரச்சினை வராது. இரண்டும் ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்; கையில் இருப்பதும் ஷெங்கன் விசா. கனடாவுக்குப் போகிறவர் பிராங்பேர்ட்டில் மாறுவதுதான் ஏமாற்றும் இடம். இலங்கையர் ஷெங்கன் விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கும் இடைமாறல் விசா கேட்பார்கள், கனடா விசா வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. "விலக்கு இருக்காம்" என்று கேள்விப்பட்டு இரண்டு ரிக்கற் போட்டுவிடுகிறார்கள். அந்த விலக்கு உள்ளே இருந்து மாறுகிறவருக்குத்தான். பெட்டி எடுக்க வெளியே வருகிறவருக்கு முழு ஷெங்கன் விசா வேண்டும். அமெரிக்கா வழி என்றால் ஒரே ரிக்கற்றாக இருந்தாலும் விசா தேவை. அங்கே குடிவரவைத் தாண்டாமல் மாற முடியாது.

அடுத்தது, கிட்டக் கிட்ட இருக்கும் இரண்டு விமான நிலையம். சார்ஜாவில் இறங்கி டுபாயில் ஏறும்படி மலிவாக ஒரு சோடி ரிக்கற் வரும். படத்தில் பக்கத்தில்தான். இரவு நேரம், பாஷை தெரியாத, முழங்கால் வருத்தக்கார ஐயா ஒருவர் இரண்டு பெட்டியோடு ராக்சி பிடிக்க வேண்டும். லண்டனில் ஹீத்ரோவுக்கும் கட்விக்குக்கும் இதே கதை. டுபாய்க்குள்ளேயே இரண்டாம் முனையம் ஓடுபாதைக்கு மற்றப் பக்கத்தில் கிடக்கிறது.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பலாலியில் இருந்து சென்னைக்கு 2019இல் விமானம் விடத் தொடங்கியபோது எங்களுக்கெல்லாம் பெரிய புளுகம். இரவிரவாகக் கொழும்புக்கு பஸ்ஸில் குலுங்கத் தேவையில்லை, பரந்தனில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பலாலி. அந்தப் புளுகத்தில் ஒரு குடும்பத்துக்குப் பலாலி–சென்னை ஒரு ரிக்கற், சென்னையிலிருந்து சிங்கப்பூர் வேறு ரிக்கற் என்று நானே போட்டுக் கொடுத்தேன். இந்திய விசாவும் எடுத்தேன், ஆனால் ஒருதரம் நுழையும் விசா. போகும்போது சென்னைக்குள் ஒருதரம், வரும்போது இன்னொரு தரம் என்பது என் மண்டையில் ஏறவில்லை. சிங்கப்பூரில் இருந்து திரும்ப நாலு நாள் இருக்கும்போதுதான் கண்டுபிடித்தேன். கொழும்புக்கு நேரடி ரிக்கற் எடுத்துக் கொடுத்தேன், என் காசில்.

கையில் இருப்பது ஒரு ரிக்கற்றா இரண்டா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ரிக்கற் இலக்கம் என்று 13 இலக்கம் இருக்கும். முதல் மூன்றும் நிறுவனத்தைச் சொல்லும்: 603 என்றால் ஸ்ரீலங்கன், 176 எமிரேட்ஸ், 157 கட்டார். போகும் வழியில் உள்ள எல்லாப் பறப்புக்கும் அதே இலக்கம் இருந்தால் ஒரே ரிக்கற். ஆறு எழுத்துப் பதிவு இலக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். சில இணையத்தளங்கள் இரண்டு ரிக்கற்றையும் ஒரே விலையாகக் கூட்டி, தங்கள் சொந்தப் பதிவு இலக்கத்தைப் போட்டு ஒரே தாளில் அனுப்பும். பார்க்க ஒன்று மாதிரியே இருக்கும்.

ஏஜென்சிக்காரன் தன் வியாபாரத்துக்குச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். இல்லை. இளந்தாரிப் பிள்ளை, தோளில் ஒரு பை, நடுவில் வரும் நாட்டுக்கு விசாவும் இருக்கிறது என்றால் தாராளமாக இரண்டு ரிக்கற்றில் போகட்டும், காசு மிச்சம். நான் பார்ப்பது இடைவெளியை. பெட்டி இருந்தால் ஆறு மணித்தியாலத்துக்குக் குறைய வைக்க மாட்டேன். விமான நிலையம் மாறினால் ஓர் இரவு தங்கச் சொல்வேன். இரண்டாவது விமானம் அன்றைய கடைசி விமானமாக இருக்கக் கூடாது. பாரத்தையும் பார்க்க வேண்டும்: முதல் நிறுவனம் 30 கிலோ தந்து, இரண்டாவது 20 கிலோதான் தந்தால், உங்கள் கணக்கு 20. மிச்சப் பத்துக் கிலோ மிளகாய்த்தூளும் ஒடியலும் நடுவழியில் கவுன்ரருக்கு முன்னால்தான் நிற்கும். முதல் விமானம் பிந்துகிறது என்று தெரிந்தால், இரண்டாவது விமானம் கிளம்ப முன்னரே அந்த நிறுவனத்துக்குப் பேசுங்கள். காசு கேட்பார்கள், ஆனாலும் சில வேளை திகதி மாற்றலாம். கிளம்பிய பிறகு பேசிப் பிரயோசனம் குறைவு.

விசுவமடு அம்மா மூன்று கிழமை கழித்துப் போனார். இந்த முறை ஒரே ரிக்கற். விலை கூடத்தான், மகள் ஒன்றும் சொல்லாமல் அனுப்பினார். பெட்டியில் ஒட்டும் பட்டியில் கடைசி இடமாக, சூரிச்சின் குறியீடான இசட்-ஆர்-எச் என்று இருக்கிறதா என்று கவுன்ரரிலேயே கேளுங்கோ என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். விடிய மூன்றரைக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பட்டி, அதில் மூன்று எழுத்து, பக்கத்தில் அவருடைய பெருவிரல்.