பச்சைச் சீழ், ரோஸ் கருவாடு, சிவப்பு மருந்து: பாக்டீரியா போடற கலர் பத்தி கொஞ்சம்

கடலூர்ல ஒரு லேப்ல மைக்ரோபயாலஜி பார்க்குறேன். சுகர் பேஷன்ட்டோட கால் புண்ணுல எடுத்த சாம்பிள் எங்களுக்கு நிறைய வரும், சிலருக்கு கட்டுப் பிரிக்கும்போதே துணியில பச்சைக் கறை இருக்கும், கேட்டா "பச்சிலை வெச்சுக் கட்டினோம் மேடம், அந்தச் சாயம்தான்"னு சொல்லுவாங்க. சில சமயம் அது நெஜம். ஆனா பல சமயம் அந்தப் பச்சை சூடோமோனாஸ் ஏருஜினோசாங்கிற பாக்டீரியா தானே தயாரிச்ச நிறம். பச்சிலை சாறும் அதுவும் கலந்துட்டா டாக்டர் கண்ணுக்கு கிடைக்கவேண்டிய ஒரு பெரிய துப்பு அங்கயே போயிடுது. தயவுசெஞ்சு புண்ணு மேல எதையும் அரைச்சுப் பூசாதீங்க.

அந்த நிறத்துக்கு வேலை இருக்கு. மஞ்சள் கலந்த பச்சையா ஒளிர்ற பயோவெர்டின் நம்ம உடம்புல இருக்குற இரும்ப புடுங்கி பாக்டீரியாவுக்குக் கொடுக்கும், இரும்பு இல்லாம அது பெருக முடியாது. நீலப்பச்சையா இருக்குற பயோசயனின் ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி பொருள்கள உண்டாக்கி நம்ம செல்லுங்கள சேதப்படுத்தும், அதனாலயும் புண்ணு ஆறாம இழுத்துக்கிட்டே போகும். பாக்டீரியா வளர்க்குற தட்டுல இத வளர்த்தா திராட்சை வாசனை மாதிரி ஒண்ணு அடிக்கும், லேப்ல இருக்கவங்களுக்கு அந்த வாசனையே பாதி பதில் சொல்லிடும். முக்கியமான விஷயம், அமாக்ஸிசிலின் இந்த பாக்டீரியாகிட்ட இயல்பாவே வேலை செய்யாது, அதனால மெடிக்கல் ஷாப்ல கேட்டு நாலு நாள் அத சாப்பிட்டுப் பார்க்கலாம்னு இருந்தா அந்த நாலு நாளும் நோய்க்குத்தான் லாபம்.

கொப்புளம், கட்டி எல்லாத்துலயும் அடிக்கடி வர்ற ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பொன் மஞ்சளா வளரும். அந்த மஞ்சள் அதுக்கு கவசம், நம்ம வெள்ளணுக்கள் கொல்றதுக்கு விடுற ஆக்சிஜன் ரசாயனத்த அது தாங்கிக்கும். 2008ல கொலஸ்ட்ராலுக்காக உருவாக்கின ஒரு மருந்துப் பொருள வெச்சு இந்த நிறம் உருவாகாம தடுத்தாங்க, எலிங்க உடம்புல அந்த பாக்டீரியா குறைஞ்சுடுச்சு. பாக்டீரியாவ நேரா கொல்லாம அதோட நிறத்த மட்டும் எடுத்துட்டு மிச்சத்த உடம்புகிட்ட விடுற யோசனை, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி இது.

பாத்ரூம் மூலையிலயும் பக்கெட் விளிம்புலயும் வழவழன்னு ரோஸ் கலர்ல படியுதே, அதுல பெரும்பாலும் செராட்டியா மார்செசென்ஸ், மெத்திலோபாக்டீரியம் மாதிரி பாக்டீரியாங்க இருக்கும், ஈரமும் சோப்பு மிச்சமும் போதும் அதுங்களுக்கு. 1819ல இத்தாலியில மக்காச்சோளக் களி ரத்தமா சிவந்துடுச்சுன்னு ஊரே பயந்தப்போ, ஒரு உயிரிதான் காரணம்னு பார்த்தொலொமியோ பிசியோ கண்டுபிடிச்சார், அதுவும் இந்த செராட்டியாதான். அதோட சிவப்பு நிறமி பேரு புரோடிஜியோசின், 37 டிகிரியில வளர்த்தா அந்தச் சிவப்பு வராது, 30 டிகிரி கிட்ட நல்லா வரும். இன்னொண்ணு, நோயாளிங்க உடம்புல இருந்து எங்களுக்குக் கிடைக்கிற செராட்டியா பெரும்பாலும் நிறமே இல்லாத வகை. அதனால கலர் தெரியலன்னா சுத்தம்னு நெனச்சுடாதீங்க. பிரஷ் போட்டுத் தேய்ச்சு பிளீச்சிங் கரைசல் ஊத்திக் கழுவி காயவிடுங்க, ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் சேர்த்து மட்டும் ஊத்திடாதீங்க, குளோரின் வாயு வரும். ஈரத்துல இப்படி பாக்டீரியா படியுறதாலதான், கான்டாக்ட் லென்ஸ் போடறவங்க லென்ஸையோ டப்பாவையோ குழாய்த் தண்ணில கழுவவே கூடாது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இன்னொண்ணு. மழை நாள்ல கருவாடு ரோஸ் கலரா மாறி பிசுபிசுன்னு ஆகும்ல, அது உப்புல வாழ்ற உயிரிங்க, பெரும்பாலும் ஆர்க்கியாங்கிற தனி வகை, சாதாரண பாக்டீரியா வாழ முடியாத அளவு உப்புலதான் அதுங்க நல்லா வளரும். மரக்காணம் பக்கம் இருக்குற மாதிரி உப்பளங்கள்ல தண்ணி நல்லா வத்தினதும் சிவப்பா ஆகுறதுலயும் இதுங்களுக்குப் பங்கு இருக்கு, கடல் உப்பு வழியாத்தான் மீனுக்கும் வருது. இந்த உயிரி நமக்கு நோய் குடுக்குற வகை இல்ல, ஆனா மீன் சதை கரைஞ்சு கெட ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம், அதனால கழுவித் துடைச்சு திரும்ப காயவெச்சு வித்தா வாங்காதீங்க.

2024 பிப்ரவரில பஞ்சு மிட்டாய்ல ரோடமின் பிங்கிற துணிச் சாயம் கலந்திருக்குன்னு புதுச்சேரில தடை போட்டாங்க, அப்புறம் தமிழ்நாட்டுலயும் போட்டாங்க. அதுக்கப்புறம் "இயற்கை கலர்னா பயமில்லைல்ல?"னு நிறைய பேர் கேக்குறாங்க. ஸ்பைருலினாவும் ஒரு வகை பாக்டீரியாதான், அதுல இருந்து எடுக்குற நீல நிறத்த 2013ல அமெரிக்காவுல மிட்டாய்க்கும் சூயிங் கம்முக்கும் அனுமதிச்சாங்க, ஆனா சூடு பட்டா வெளுத்துடும், ஜிலேபிக்கெல்லாம் ஆகாது. முன்னாடி சொன்ன சிவப்பு புரோடிஜியோசின், ஊதா கலர்ல இருக்குற வயலசின்ங்கிற இன்னொரு பாக்டீரியா நிறமி எல்லாம் துணிச் சாயமாவும் மருந்தாவும் ஆகுமான்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. பயோசயனினும் இயற்கைதானே, அத யாராவது சாப்பாட்டுல போடுவாங்களா? இயற்கைங்கிறத மட்டும் பார்க்காதீங்க, அனுமதி வாங்கின கலரான்னு லேபிள பாருங்க.

மருந்தாவே ஆகிட்ட நிறமும் இருக்கு. கேன்சருக்குக் குடுக்குற டாக்ஸோரூபிசின், மண்ணுல வாழ்ற ஸ்ட்ரெப்டோமைசஸ் வகை பாக்டீரியாவுல இருந்து வந்தது, அந்த மருந்தே செக்கச்செவேல்னு இருக்கும். போட்ட பிறகு ஒண்ணு ரெண்டு நாள் சிறுநீர் சிவப்பா போகும், ரத்தம்னு பயந்து ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர்றவங்க உண்டு. அது மருந்தோட கலர். அதுக்கப்புறமும் சிவப்பாவே போனாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே போகணும். டிரிப் ஏறும்போது ஊசி குத்தின இடத்துல எரிச்சல் இருந்தா முடியட்டும்னு பொறுத்துக்காம அப்பவே நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க, ரத்தக்குழாய்க்கு வெளிய கசிஞ்சா சுத்தி இருக்குற சதைய அது புண்ணாக்கிடும்.