என்சைம் என்னும் நொதி

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் நடக்கிறது. அதனால் நம் பிள்ளைகளுக்கு என்சைம் தெரியும், நொதி தெரியாது. வீட்டில் இட்லி மாவு இரவோடு இரவாகப் பொங்கி நிற்பதைப் பார்த்து வளர்கிறவர்களுக்கு அந்தச் சொல் அந்நியமாக இருப்பது பெரிய இழப்பு.

நொதித்தல் என்றால் புளித்து, நுரைத்துப் பொங்குதல். நொதி அதிலிருந்து வந்தது. என்சைமும் அதே மாவுப் பானையில் பிறந்த சொல்தான். கிரேக்கத்தில் ‘என்’ உள்ளே, ‘சைமே’ மாவைப் புளிக்கவைக்கும் உறை. ஈஸ்ட்டுக்குள் இருப்பது என்ற பொருளில் 1877இல் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே இதை வழங்கினார். 1897இல் எடுவர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்தார். உயிரணு இல்லாத அந்தச் சாறும் சர்க்கரையை நொதிக்க வைத்தது. வேலை செய்வது உயிர் அன்று, ஒரு பொருள் என்பது அப்போது உறுதியானது. இலங்கைப் பாடநூல்கள் நொதியம் என்கின்றன. அதுவும் நல்ல சொல்லே.

நொதிகள் பெரும்பாலும் புரதங்கள். வேதிவினையை விரைவாக்கும், தாம் செலவாவதில்லை. வெறும் சோற்றை ஒரு நிமிடம் விழுங்காமல் மென்று பாருங்கள், இனிப்புத் தட்டும். உமிழ்நீரின் அமைலேஸ் மாவுச்சத்தை மால்டோஸ் சர்க்கரையாக வெட்டுகிறது. இரைப்பைக்குள் போனதும் அமிலம் அமைலேஸை முடக்கிவிடும். அதே அமிலத்தில்தான் பெப்சின் புரதத்தை வெட்டும். சிறுகுடலில் கணையநீர் அமிலத்தைத் தணித்தபின் புரதத்தை வெட்டும் டிரிப்சின், கொழுப்பை வெட்டும் லிப்பேஸ், மாவுச்சத்தை வெட்டும் கணைய அமைலேஸ் மூன்றும் வேலையைத் தொடர்கின்றன. இடம் மாறினால் நொதி செயலிழக்கும். கொதிக்க வைத்தால் உருக்குலையும்.

பழத்தைச் சர்க்கரையில் வாரக்கணக்கில் ஊறவைத்து ‘என்சைம்’ என்று குடிக்கும் பழக்கம் இங்கே உண்டு. அது நொதித்த பானம். நொதித்தல் ஒரு நிகழ்வு, நொதி அதை நடத்தும் பொருள். அந்தப் பானத்தில் நொதி இருந்தாலும் அதுவும் புரதமே. முட்டையின் புரதத்தைப் போல அதுவும் பெரும்பாலும் வயிற்றிலேயே செரித்துவிடும். சர்க்கரை மட்டும் தப்பாமல் உள்ளே போகும்.

நொதி, நொதித்தல் என்ற இந்த இரு சொற்களும் உடலுக்குள்ளேயே எதிரெதிராக நிற்கும் இடம் ஒன்று உண்டு. பால் சேர்த்த தேநீர் வகைகளான தே, தே-சி குடித்து இரண்டு மணி நேரத்துக்குள் சிலருக்கு வயிறு உப்பும், பேதியாகும். பாலின் சர்க்கரையான லாக்டோஸைப் பிரிக்கும் லாக்டேஸ் நொதி அவர்களுக்குப் போதவில்லை. பிரியாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைப்பதால் வாயு சேர்கிறது. நொதி குறைந்ததால் வந்த நொதித்தல் இது. அப்படிப்பட்டவர்கள் பால் சேர்க்காத தே-ஓ கேட்கலாம், அல்லது லாக்டோஸ் நீக்கிய பால் வாங்கலாம். அந்தப் பாலில் லாக்டேஸ் முன்பே தன் வேலையை முடித்திருக்கும். லாக்டோஸ் குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் பிரிந்துவிட்டதால் சாதாரணப் பாலைவிடச் சற்று இனிக்கும்.