பரமண்டல ஜெபத்தில் அவர் சொல்லாத வரி

மனநல ஆலோசகராக நான் சந்திக்கும் விசுவாசிகள் பலர், தங்களுக்கு நடந்த துரோகத்தைவிட, அதை மன்னிக்க முடியவில்லையே என்ற குற்றவுணர்வால்தான் அதிகம் நொந்திருக்கிறார்கள். ஐம்பது வயதைக் கடந்த ஒரு சகோதரி (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை என் மேசைமேல் வைத்தார். அப்பாவின் மனையை அண்ணன் தன் பெயருக்கு எழுதிக்கொண்ட நாள், அண்ணி சொன்ன சொல், மகள் கல்யாணத்துக்கு அவர்கள் வராதது என எல்லாம் தேதிவாரியாக, வெவ்வேறு மையில் எழுதப்பட்டிருந்தன. அண்ணனும் அதே சபை என்பதால் 11 ஆண்டுகளாக அவர் திருவிருந்து (இயேசுவின் நினைவாகச் சபையார் ஒன்றாக அப்பமும் ரசமும் பெறும் ஆராதனை) எடுக்கவில்லை. இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற வரி வரும்போது வாயை மூடிக்கொள்வாராம்.

அவருடைய விசுவாசத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வரியின் பாரத்தை உணர்ந்ததால்தான் அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் உவமையில், ராஜாவிடம் பெருங்கடன் மன்னிக்கப்பெற்ற ஊழியக்காரன் தன் உடன்வேலைக்காரனை மன்னிக்க மறுக்கிறான். அந்த உடன்வேலைக்காரன் அவனிடம் பட்டிருந்த நூறு வெள்ளிப்பணம், ராஜா மன்னித்த பதினாயிரம் தாலந்துக்கு முன் சிறியதுதான். ஆனாலும் அது ஒரு கூலியாளின் நூறு நாள் உழைப்பு. பட்ட கடன் மெய்யானது என்று ஏற்றுக்கொண்டே இயேசு அதை விட்டுவிடச் சொல்கிறார். ஆகவே, "அதெல்லாம் ஒரு விஷயமா, மறந்துவிடுங்கள்" என்று காயப்பட்டவரை அவசரப்படுத்துவது சுவிசேஷத்துக்கு ஏற்ற ஆலோசனை ஆகாது.

யோசேப்பின் வரலாற்றை அந்தச் சகோதரியோடு மெதுவாக வாசித்தேன். பதினேழு வயதில் சொந்தச் சகோதரர்களால் இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டு, பின்பு எகிப்தின் அதிகாரியானவர், தேவன் தம் வருத்தத்தை மறக்கப்பண்ணினார் என்று சொல்லித் தம் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயரிட்டார். ஆனாலும் அந்தச் சகோதரர்கள் தானியம் வாங்க அவர்முன் வந்து நின்றபோது அவர்களைவிட்டு அப்புறம் போய் அழுதார். மறந்ததாக நினைத்தது திரும்பி வந்ததை வேதம் மறைக்கவில்லை. தம்மை அவர் உடனே வெளிப்படுத்தவும் இல்லை; கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாகிறேன் என்று அந்தச் சகோதரர்களில் ஒருவரான யூதா முன்வந்தபோதுதான் அடக்கமுடியாமல் சத்தமிட்டு அழுது, "நான் யோசேப்பு" என்றார். பழிவாங்கும் உரிமையைக் கைவிடுவது ஒன்று, மீண்டும் நம்புவது வேறொன்று. இரண்டாவதற்கு எதிராளியின் மனமாற்றமும் வேண்டும்.

இந்த வேறுபாடு தெரியாமல்தான், அடிக்கிற கணவனிடமே மன்னிப்பின் பெயரால் மனைவியைத் திருப்பி அனுப்புகிறார்கள். அதை நான் வன்மையாக மறுக்கிறேன். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவரையும் இரண்டு மகன்களையும் எரித்துக் கொன்றவர்களை ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸின் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தார், பாரிபடாவில் தொழுநோயாளர் பணியையும் தொடர்ந்தார். அதற்காக வழக்கு நின்றுவிடவில்லை. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஆறு மாதங்களுக்குப் பிறகு அந்தச் சகோதரி, மனை தொடர்பான பக்கங்களை மட்டும் வக்கீலிடம் கொடுத்துவிட்டு, மீதியை என் முன்னால் ஒவ்வொன்றாக வாசித்து, "ஆண்டவரே, இதை உம்மிடம் விட்டுவிடுகிறேன்" என்று சொல்லிக் கிழித்தார். சில பக்கங்களில் நெடுநேரம் நின்றார். இரண்டு பக்கங்களைக் கிழிக்காமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த திருவிருந்து ஞாயிறன்று அவர் பீடத்தருகே முழங்காலிட்டாராம். வரிசையின் மறுமுனையில் அண்ணன் இருந்தார். இருவரும் இன்னும் பேசவில்லை.